கண்ணீருக்குச் சாட்சி கேட்கலாமா?

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் மேஜையண்டை வந்து நின்றான். தாயார் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகவும், அதனால்தான் பத்து நாளாகப் பள்ளிக்கு வரவில்லை என்றும் சொன்னான்.

“என்றைக்குச் சேர்த்தீர்கள்?” என்று கேட்டேன்.

“செவ்வாய்க்கிழமை, ஸார்.”

சிறிது நேரம் சென்று, வேறு பேச்சினிடையே அதே கேள்வியை மறுபடியும் போட்டேன். “வெள்ளிக்கிழமை” என்றான். இருபது வருஷமாக வாத்தியார் உத்தியோகம் பார்ப்பவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? புளுகன் என்று தீர்மானித்து, வகுப்பின் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டேன். பையன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிற்பகலில் தன் சித்தியைக் கையோடு அழைத்து வந்துவிட்டான். அந்த அம்மாள் இரண்டு சீட்டுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். செவ்வாயன்று ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே முடியாதென்று வெள்ளியன்று வேறோர் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருக்கிறார்கள். பையன் சொன்ன இரண்டு கிழமையும் வாஸ்தவமே!

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. முன்பு படித்த ஒரு விருத்தாந்தம் நினைவில் வந்துகொண்டே இருந்தது.

2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் தேதி நியூயார்க் நகரத்து உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் விமானங்களால் தகர்க்கப்பட்டதை நேயர்கள் அறிவார்கள். தெற்குக் கோபுரத்தில் விமானம் மோதிய தளங்களிலும் அவற்றிற்கு மேலும் இருந்தவர்களுள் உயிரோடு வெளியேறியவர் இருபது பேருக்கும் குறைவு. அவர்களில் ஒருத்தியாகத் தம்மைச் சொல்லிக்கொண்டு வந்தார் டானியா ஹெட் என்னும் மாது. 78-ஆவது தளத்தில் நின்றாராம். கை வெந்து போயிற்றாம். சாகுந் தறுவாயில் ஒருவர் தம் கல்யாண மோதிரத்தைக் கழற்றி, மனைவியிடம் சேர்ப்பிக்கும்படி இவரிடம் கொடுத்தாராம். இவர் மணக்கவிருந்தவரோ வடக்குக் கோபுரத்தில் மாண்டு போனாராம். கேட்டவர் உள்ளம் உருகாதிருக்குமா? தப்பிப் பிழைத்தோர் தம் துயரை ஒருவருக்கொருவர் சொல்லி ஆற்றிக்கொள்வதற்காகக் கண்ட சங்கத்திற்கு இவரே தலைவியானார். கோபுரங்கள் நின்ற இடத்தைக் காண வருவோருக்கு வழிகாட்டியாகவும் இருந்தார்.

2007-ஆம் வருஷம் செப்டம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையின் நிருபர்கள் அவரைப் பற்றி எழுத முனைந்தார்கள். அவர்கள் அம்மாதின் கண்ணீரை ஆராயவில்லை; பேரேடுகளை ஆராய்ந்தார்கள். வேலை பார்த்ததாகச் சொன்ன மெரில் லிஞ்ச் கம்பெனியில் அப்படி ஒரு பெயரே இல்லை. படித்ததாகச் சொன்ன ஹார்வர்டு, ஸ்டான்போர்டு சர்வகலாசாலைகளிலும் இல்லை. காதலர் என்று குறிப்பிட்ட மனிதர் மெய்யாகவே மாண்டவர்தாம். ஆனால் அவருடைய குடும்பத்தார் இப்பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டதே கிடையாது. அப்பால் விஷயம் முழுவதும் வெளியாயிற்று. அம்மாதின் இயற்பெயர் அலிசியா எஸ்தேவே ஹெட். ஊர் ஸ்பெயின் தேசத்துப் பார்ஸிலோனா. கோபுரங்கள் விழுந்த காலத்தில் அங்கேதான் படித்துக்கொண்டிருந்தார்.

ஏன் ஒருவரும் முன்பே கேட்கவில்லை? கேட்பது பாவம் என்று தோன்றியதுதான் காரணம். தீயில் வெந்தவளிடம் ‘சாட்சி உண்டா?’ என்று கேட்க எவருக்கு நா எழும்? மேலும், அவர் பணம் கேட்கவில்லை. சங்கத்திற்காகச் சம்பளமின்றி உழைத்தார். பணம் பறிப்பவனே பொய் சொல்வான் என்று நாம் எண்ணியிருக்கிறோம். அது தவறு என்பதை வைத்தியர்கள் நெடுநாளாக அறிவார்கள். இல்லாத நோயைச் சொல்லி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குவோரைப் பற்றி ரிச்சர்டு ஆஷர் என்னும் ஆங்கில வைத்தியர் 1951-இலேயே எழுதி, புளுகுக்குப் பேர்போன மன்ச்சௌஸன் பிரபுவின் பெயரை அந்நிலைக்குச் சூட்டினார். அன்பும் கவனிப்பும் ஒரு கூலிதான் போலும்.

டானியா ஹெட்டின் பேச்சில் முரண்பாடுகள் இருந்தன. மாண்டவரை ஒரு சமயம் காதலர் என்பார். ஒரு சமயம் கணவர் என்பார். ஆனால் முரண்பாட்டையே உரைகல்லாகக் கொண்டால் என் மாணவனும் புளுகனாகிவிடுவானே! பெருந்துயரில் அகப்பட்டவர் நினைவு அடுக்கிவைத்த ஏடு அன்று. முன்பின் கலந்து கிடக்கும். தங்குதடையின்றி, மேடைக்கு மேடை மெருகேறி வரும் கதையைக் கேட்கும்போதுதான் எனக்கு இப்போதெல்லாம் சற்று ஐயம் எழுகிறது. அதுவும் நிச்சயமான குறி அன்று.

நம்பாமையாலும் பெருங்கேடு விளையும். போலந்து தேசத்து யான் கார்ஸ்கி, யூதர்கள் கொன்று குவிக்கப்படுவதைக் கண்ணால் கண்டவர். 1943-இல் வாஷிங்டன் சென்று, தாமே யூதரான நீதிபதி பெலிக்ஸ் பிராங்பர்ட்டரிடம் அனைத்தையும் எடுத்துரைத்தார். நீதிபதியோ, அவரைப் பொய்யர் என்று சொல்லாவிடினும், தம்மால் நம்ப இயலவில்லை என்று கூறிவிட்டார். கார்ஸ்கி சொன்னது அத்தனையும் மெய்!

அதே கொடுமையைப் பற்றி என்ரிக் மார்க்கோ என்ற ஸ்பானியர் பல ஆண்டுகள் பேசியபோது, கேட்டவர் அனைவரும் நம்பினார்கள். நாஜிகளின் வதை முகாமில் கிடந்தவர் என்று சொல்லி, முகாம்களிலிருந்து மீண்டோர் சங்கத்திற்கே அவர் தலைவரானார். பெனிட்டோ பெர்மெஹோ என்னும் சரித்திர ஆசிரியர் 2005-இல் பழைய அரசாங்கத் தஸ்தாவேஜுகளைப் புரட்டி, அவர் ஜெர்மனிக்குத் தாமே விரும்பித் தொழிலாளியாகச் சென்றவர் என்று காட்டினார். இங்கும் கட்டுக் கதையைக் கலைத்தது ஒரு காகிதம்.

ஆகையால் நான் இப்போது ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். துயரம் சொல்லி வருபவனிடம் அவன் துயரத்தைப் பற்றிக் குறுக்குக் கேள்வி போடுவதில்லை. முதலில் ஆறுதல் சொல்லி, பசித்தவனுக்குச் சோறு போடச் செய்கிறேன். பிறகு, வேறு யாரைக் கேட்டால் தெரியும் என்று தனிமையில் விசாரிக்கிறேன். பெருந்தொகையோ சங்கத்தின் பொறுப்போ கைமாறுவதாயின், இவ்விசாரணையைத் தவிர்ப்பதே இல்லை. சித்தியை அழைத்து வர ஓடியவன் என் மாணவன். பேட்டிக்கு இசைந்துவிட்டுப் பின் மறுத்தவர் அந்த அம்மாது. வெட்கத்தாலோ அச்சத்தாலோ உறவினர் பெயரைச் சொல்லத் தயங்கும் உண்மையான ஏழைகளையும் கண்டிருக்கிறேன். அவர்கள் விஷயத்தில் ஏமாந்தாலும் பாதகமில்லை என்று விட்டுவிடுகிறேன். என் மனைவி இதை ஒப்புக்கொள்வதில்லை.

பையனை வகுப்பின் முன்னிலையில் கடிந்தேனல்லவா? மன்னிப்பும் அங்கேயே கேட்டுக்கொண்டேன். அவன் தாயார் மார்கழி பிறக்கும் முன்பு வீடு திரும்பினார். அன்று மாலை சித்தி எங்கள் வீட்டுக்கு இரண்டு சீப்பு வாழைப்பழம் கொடுத்தனுப்பியிருந்தார். வாங்கிக்கொள்ளக் கை கூசிற்று.