கணிப்பொறிக்கும் காற்றோட்டம் வேண்டும்

அக்கினி நட்சத்திரத்திற்குச் சில நாட்கள் முன்பாக, மே 1ஆம் நாள் கிராமசபை கூடுகின்றது. அவ்வேளையில் ஊராட்சியின் கணிப்பொறி நின்றுபோனால் அல்லற்படுவோர் மக்களே.

கணிப்பொறியின் மூளையாகிய செயலி, வேலை செய்யும்பொழுது சூடேறுவது இயல்பு. 80 டிகிரி செல்சியஸ் வரை அச்சமில்லை. 90ஐத் தாண்டினால் கவனம் தேவை. 100ஐ நெருங்கினால் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலும் சூடேறினால் இயந்திரமே நின்றுவிடும். திரையில் படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கு 85 வரை பொதுவாகத் தீங்கில்லை.

அறையின் வெப்பம் ஏறும் அளவிற்குச் செயலியின் வெப்பமும் ஏறத்தாழ ஏறும். அறை 30 டிகிரியாக உள்ளபொழுது 75ஐக் காட்டும் செயலி, 40 டிகிரியில் அதே வேலைக்கு 85ஐ எட்டும்.

நம் செட்டிநாட்டு முன்னோர் வீட்டின் நடுவே திறந்த முற்றம் வைத்தனர். சூடான காற்று அதன் வழியே மேலெழுந்து வெளியேறியது. கணிப்பொறிப் பெட்டிக்கும் அத்தகைய வழி வேண்டும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். துணியால் மூடியபடி இயக்காதீர்கள். விசிறியில் படியும் செம்மண் தூசியை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மாதந்தோறும் மென்மையான தூரிகையால் அகற்றுங்கள். சுழலாத விசிறியை உடனே மாற்றுங்கள்.

ஊராட்சி உறுப்பினர்கள் கோடைக்கு முன்பே இதனைக் கவனிப்பார்களென நம்புகின்றோம்.