நம்பிக்கு வராத முன்குடுமி

எழுதிக் கேட்டால் படம் வரைந்து தரும் ஏஐ கருவிகள் 2022இல் எல்லார் கைக்கும் வந்தன. ‘பொன்னியின் செல்வன்’ நாவலின் வாசகர்களுக்கு அதன் பாத்திரங்களை வரையச் சொல்வது புதுப் பொழுதுபோக்காயிற்று. குந்தவையைக் கேட்டால் சட்டென்று வந்துவிடுவாள். என்ன, நகைக்கடை விளம்பரத்திலிருந்து இறங்கி வந்தவள் மாதிரி இருப்பாள். ஆழ்வார்க்கடியான் நம்பியைக் கேட்டால்தான் வம்பு. குட்டையான, கட்டுறுதியான உடம்பு வரும், கைத்தடியும் வரும். முன்குடுமி மட்டும் பின்னால் நழுவிக் கொண்டையாகிவிடும். சில படங்களில் அந்த வீர வைஷ்ணவர் நெற்றி நிறையத் திருநீற்றுப் பட்டையோடு காட்சி தருவார். நம்பி பார்த்தால் தடியை ஓங்கிவிடுவார்.

ஏன் இப்படி? இந்தக் கருவி வரைவதே தலைகீழான முறையில்தான். பயிற்சியின்போது ஒரு படத்தின் மேல் புள்ளிப் புள்ளியாக இரைச்சலைத் தூவுவார்கள், பழைய டிவியில் சேனல் வராதபோது தெரியுமே, அது போன்ற இரைச்சல். தூவப்பட்ட இரைச்சல் எது என்பதைக் கணிக்கக் கருவி பழகும். பழகியபின் படமே இல்லாத வெறும் இரைச்சலைக் கொடுத்தால், அதை இருபது முப்பது படிகளில் கழித்துக் கழித்து ஒரு முகத்தை வெளியே கொண்டுவரும். நாம் எழுதும் வாசகம், அதாவது பிராம்ப்ட், ஒவ்வொரு படியிலும் எதைக் கழிக்கலாம் என்று வழிகாட்டும்.

அந்த வாசகத்தைக் கருவி புரிந்துகொள்வது படக்குறிப்புகள் வழியாக. இக்கருவிகளில் ஒன்றான ஸ்டேபிள் டிஃப்யூஷன் பயின்றது லயான்-5பி என்ற தொகுப்பின் பகுதிகளில். இணையத்திலிருந்து திரட்டிய 585 கோடி படங்களும் அவற்றின் குறிப்புகளும் கொண்டது அது. அவற்றில் 232 கோடிக் குறிப்புகள் ஆங்கிலம். அங்கே மணப்பெண் அலங்காரப் படங்களுக்குப் பஞ்சமில்லை. முன்குடுமி வைத்தவர் படத்தைப் போட்டு, ‘முன்குடுமி’ என்று குறிப்பும் எழுதியவர் எத்தனை பேர் இருப்பார்கள்? அரிதாகக் கண்டதை, அடிக்கடி கண்டதன் பக்கம் கருவி இழுத்துவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை. ‘மீசை இல்லாமல்’ என்று எழுதினால் பல சமயம் மீசையோடுதான் முகம் வரும். படக்குறிப்பில் யாரும் இல்லாததை எழுதுவதில்லை, இருப்பதைத்தான் எழுதுவார்கள். ஆகவே ‘மீசை’ என்ற சொல் அழுத்தமாகப் பதிகிறது, ‘இல்லாமல்’ பதிவதில்லை. வேண்டாதவற்றை எழுத நெகட்டிவ் பிராம்ப்ட் என்று தனிப் பெட்டி வைத்தது இதற்காகத்தான்.

கூட்டத்தை வரையச் சொன்னால் அதில் நிற்பவர்களின் கண்கள் கோணிப்போவதும் உண்டு. அதற்குக் காரணம் வேறு. ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகள் 512-க்கு 512 பிக்சல் படத்தை நேராக வரைவதில்லை. 64-க்கு 64 கட்டங்களாகச் சுருக்கி வேலை செய்து, கடைசியில் விரிக்கின்றன. ஒரு கட்டத்துக்கு நீளத்தில் எட்டு, அகலத்தில் எட்டு பிக்சல். தூரத்து முகத்தில் ஒரு கண்ணுக்கு ஒரு கட்டம் முழுசாகக் கிடைத்தாலே பெரிது. அதனால் பாத்திரத்தின் உருவப்படம் வேண்டுமென்றால் மார்பளவுக்குக் கேட்பதே புத்திசாலித்தனம்.

ஒரு நல்ல முகம் கிடைத்தாலும் அதே ஆளை மறுபடி வரவழைப்பது பெரும்பாடு. ‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை அந்த நாவல் தொடராக வந்து, ஓவியர் மணியம் வாராவாரம் வரைந்தபோது வந்தியத்தேவனைப் பார்த்ததும் வாசகருக்கு அடையாளம் தெரிந்தது. கருவிக்கு அப்படி ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு முறையும் புது இரைச்சலிலிருந்து தொடங்குகிறது. தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை மாற்றாமல் வைத்தால் அதே படம் திரும்ப வரும். ஆனால் ‘நிற்கிறான்’ என்பதைக் ‘குதிரையில் வருகிறான்’ என்று மாற்றினால் முகமும் மாறிவிடலாம். கூகுள் ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட டிரீம்பூத் முறை இதற்கு ஒரு வழி: ஒரே ஆளின் மூன்று முதல் ஐந்து படங்களைக் காட்டி, ஒரு அபூர்வச் சொல்லை அவர் பெயராகக் கருவிக்குப் பழக்குவது.

நம்பிக்கு அந்த மூன்று படங்களுக்கு எங்கே போவது? பென்சிலால் நாமே ஒரு தலையும் முன்குடுமியும் கிறுக்கி, அதைத் தொடக்கப் படமாகக் கொடுக்கலாம். கருவி அதன்மேல் இரைச்சலைத் தூவித்தான் வேலையைத் தொடங்கும். எவ்வளவு தூவலாம் என்பதைப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே நாம் வைக்கலாம். ஒன்றுக்கு அருகே வைத்தால் கிறுக்கல் அழிந்து பழைய கொண்டை திரும்பிவிடும். பாதியை ஒட்டி வைத்தால் குடுமியின் கோடு நெற்றிக்கு மேலேயே தங்கும்.