கல்லுக்குப் பெயரிடுதல்

நாகம் என்னும் சொல்லை நிகண்டிலே தேடுவோர் பாம்பு, யானை, மலை, விண் எனப் பல பொருள்களைக் காண்பர். ஈழநாட்டுப் பள்ளிகளில் இரசாயனம் கற்கும் மாணவர்க்கோ அஃது ஓர் உலோகம். தமிழகத்தார் துத்தநாகம் என்பதும் அதுவே. செய்யுளில் ஒரு சொல் பல பொருள் தருதல் அழகு. கனிப்பொருளியலில் அது பிழை. இவ்வுண்மையை அந்த நாகத்தின் உப்புக்களே நமக்கு நன்குணர்த்துகின்றன.

நாட்டு வைத்தியர் பால்துத்தம் என வழங்கும் வெள்ளை உப்பு நாகசல்பேற்று ஆகும். மயில்துத்தம் என்பது செம்பின் நீலநிறச் சல்பேற்று. முன்னோர் நிறங்கண்டு பெயரிட்டனர். மருந்துப் பைக்கு அது போதும், சுரங்கத்துக்குப் போதாது. நாகமும் கந்தகமும் கூடிய தாதுவின்மேல் காற்றும் நீரும் படப்பட அது சிதைந்து, சுரங்கச் சுவரிலும் கழிவுக் குவியலிலும் புதிய உப்புக்களாய்ப் படியும். இவ்வாறு பின்பிறந்தவற்றுள் மூன்று, உடன்பிறந்தார் போல்வன. 1982இல் வேல்சு நாட்டிலிருந்து நமுவைற்றும், 2007இல் யப்பானின் ஒசாக்காவிலிருந்து ஒசாக்கைற்றும், 2013இல் செருமனியின் லான்சுடைன் நகரிலிருந்து லான்சுடைனைற்றும் விவரிக்கப்பட்டன. முதலாவதிற் சிறிது செம்பும் கலந்துளது. மற்றபடி மூன்றன் அடிப்படையும் ஒன்றே. அவற்றிற் கட்டுண்ட நீர் மூலக்கூறுகள்தாம் முறையே நான்கு, ஐந்து, மூன்று. நீரின் அளவும் அணுக்கள் அடுக்கப்பட்ட முறையும் வேறானமையின் பெயரும் வேறாயிற்று.

ஆதலின், ஒரு கல்லைக் கண்டெடுத்தல் வேறு, கண்டுபிடித்தல் வேறு. கண்ட இடம், நிறம், வன்மை, அடர்த்தி ஆகியவற்றைக் குறித்து, அதன் உறுப்புக்களைப் பகுத்து, எக்ஸ் கதிர் கொண்டு உள்ளமைப்பையும் அறிதல் வேண்டும். மூலமாதிரியை நூதனசாலை போன்றதோரிடத்திற் காத்துவைத்தலும் வேண்டும். 1958இல் அமைந்த சருவதேசக் கனிப்பொருளியற் சங்கத்தின் குழு ஏற்றுக்கொண்ட பின்னரே இன்று புதுப்பெயர் நிலைபெறும்.

இத்துறை நம்மவர்க்குப் புதிதன்று. கலைஞானி என்று நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி முதலிற் கல்லாராய்ந்தவர். இலங்கையின் கனிப்பொருளாய்வுப் பணிக்குத் தலைமை தாங்கியவர். கண்டிப் பகுதியிற் கிடைத்த நீலநிறக் கனிப்பொருளொன்றை 1903இல் பிறையர் என்னும் ஆங்கில அறிஞருடன் சேர்ந்து விவரித்தார். அராபியர் இத்தீவை அழைத்த செரெண்டிப் என்னும் பெயரால் அது செரெண்டிபைற்று ஆயிற்று.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. சபரகமுவை நாட்டிற் கிடைத்த கரிய, பாரமான சிறு கனசதுரக் கற்களை யுரேனினைற்று என்றே அவர் கருதினார். இலண்டனில் டன்சுடன் என்பார் பகுத்தாராய்ந்தபோது, அதிற் பெரும்பகுதி யுரேனியமன்று, தோரியம் எனத் தெரிந்தது. தோரியனைற்று என்னும் புதுப்பெயர் பிறந்தது. இதனாற் குமாரசுவாமியின் பெருமை குறைந்ததோ? இல்லை. கண்ணின் முடிவைத் தராசின் முன் நிறுத்துவதே விஞ்ஞானம். அக்கல்லிலிருந்தே 1905இல் ஒற்றோ ஆன் என்னும் செருமானிய அறிஞர் இரேடியோதோரியம் என்னும் கதிர்வீசும் பொருளைக் கண்டார்.

பழைய பெயரே போதுமென்றிருந்தால் இழப்பு எத்துணைப் பெரிது! பழுப்புநிறப் பெரிடோற்று என மணிவணிகர் விற்றுவந்த நம் நாட்டு மணியும் 1952இலேதான் சிங்களைற்று என்னும் தனிக் கனிப்பொருளெனத் துணியப்பட்டது. நம் கைகளிற் புழங்கிய மணியை நாம் அறியாதிருந்தோம். கண் இருந்தது, அளவை இல்லை.

குமாரசுவாமியைக் கலைநூல்களுள் மட்டும் அடைத்துவைத்தமையால் நம் மாணவர்க்கு இந்தப் பாதி மறைந்துவிட்டது. புல்மோட்டைக் கருமணல் என்கின்றோம்; அவ்வொரு பெயருக்குள்ளே இல்மனைற்று, உரூற்றைல், சிர்க்கோன் எனப் பல பொருள்கள் உள. எம் ஆலையடிவேம்புக்குத் தெற்கே திருக்கோவிற் கரையிலும் கருமணல் உண்டு. அங்குச் செல்லும் பிள்ளை ஒரு பிடி அள்ளி, உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழே பரப்பி, எத்தனை வகை மணிகள் என எண்ணிப் பார்க்கட்டும். ஒன்றெனக் கண்டது பலவெனத் தோன்றும் அந்தக் கணத்திலேதான் கல்வி தொடங்குகின்றது.