வெள்ளைக் கல் எல்லாம் வைரம் ஆகுமா?

நகைக்கடைப் பெட்டிக்குள் ஒரு ஜோடித் தோடு இருக்கிறது. ஏழு கல் வைத்தது. பளபள என்று மின்னுகிறது. வேறு ஒரு கடையிலும் ஒரு ஜோடி இருக்கிறது. அதுவும் ஏழு கல் வைத்தது. அதுவும் அப்படியே மின்னுகிறது. ஒன்றின் விலை சில நூறு ரூபாய். மற்றதன் விலை லட்சத்தைத் தாண்டும். எது வைரம்? வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். பழகிய வியாபாரியே பூதக்கண்ணாடி இல்லாமல் தடுமாறுவார்.

வைரம் என்பது என்ன? அடுப்புக் கரியில் உள்ள அதே கரிப் பொருள்தான். பூமிக்குள் மிக ஆழத்தில், கடும் சூட்டில், கடும் அழுத்தத்தில் அது வைரமாக இறுகுகிறது. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை எண் போட்டு அளக்கிறார்கள். வைரத்துக்கு 10. மணலுக்கு 7. கண்ணாடிக்கு ஏறக்குறைய ஐந்தரை. இந்த எண்களை நினைவில் வையுங்கள். நகையைத் துடைக்கும்போது இவை உதவும்.

வைரம் போலத் தெரியும் கற்களில் மலிவானது கண்ணாடிக் கல். அடியில் பளபளப்பான தகடு ஒட்டியிருப்பார்கள். அந்தத் தகடுதான் மின்னுகிறது. திருவிழாக் கடை வளையல், மாலைகளில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது ‘அமெரிக்கன் டைமண்ட்’. பெயரில்தான் டைமண்ட். இது வைரம் அல்ல. சிர்கோனியா என்ற பொருளை உருக்கிச் செய்த கல். பெயரில் உள்ள அமெரிக்காவும் பொருத்தம் இல்லை. இதை அதிக அளவில் செய்யும் முறையை 1970-களில் கண்டவர்கள் சோவியத் ரஷ்ய விஞ்ஞானிகள்! கடினம் 8-க்கு மேல். ஒரே அளவு வைரத்தைவிட இந்தக் கல் ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம். சில கடைகளில் இதை ‘ஜிர்கான்’ என்கிறார்கள். அது தவறு. ஜிர்கான் மண்ணிலிருந்து எடுக்கும் வேறு கல். இலங்கையில் கிடைக்கும் வெள்ளை ஜிர்கானுக்கு ‘மாத்தறை வைரம்’ என்று பழைய பெயர் உண்டு.

திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பல குடும்பங்கள் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிப் பிழைத்தன. சீனாவிலிருந்து இயந்திரத்தில் தீட்டிய கல் மலிவாக வந்தது. கைத்தொழில் நசிந்துவிட்டது.

மாய்ஸனைட் என்று ஒரு கல் உண்டு. 1893-ல் மாய்ஸான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, வானத்திலிருந்து விழுந்த கல்லில் இதைக் கண்டார். இப்போது தொழிற்சாலையில் செய்கிறார்கள். வைரத்தைவிட அதிகமாக வண்ணம் தெறிக்கும். சூட்டை வைத்து வைரத்தைச் சோதிக்கும் சிறு கருவி இதையும் வைரம் என்றே காட்டிவிடும்.

கடைசியாக, ஆய்வுக்கூட வைரம். இதைப் போலி என்று சொல்லக் கூடாது. இதுவும் அதே கரிப் பொருள்தான். கடினமும் அதே 10. பிறந்த இடம்தான் வேறு. மெல்லிய வைரத் துண்டு ஒன்றை விதையாகப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். கரிப் பொருள் உள்ள வாயுவைச் சூடாக்கி உள்ளே விடுகிறார்கள். கரி, படலம் படலமாக விதைமேல் படிகிறது. சில வாரங்களில் கல் வளர்ந்துவிடும். குஜராத்தில் உள்ள சூரத் நகரம் வைரத்துக்குப் பட்டை தீட்டுவதில் உலகப் புகழ் பெற்றது. இப்போது அங்கே ஆய்வுக்கூட வைரமும் ஏராளமாகச் செய்கிறார்கள். விதைத் துண்டுக்கு இருந்த இறக்குமதி வரியை மத்திய அரசு 2023-ல் நீக்கியது. அதே ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கென ஆய்வு மையத்தையும் அறிவித்தது. நிறையக் கல் வரவர, விலை வெகுவாக இறங்கிவிட்டது. வாங்கிய விலைக்கு விற்கலாம் என்று நம்பி வாங்க வேண்டாம்.

பணம் போகும் இடம்

கல் வைத்த தங்க நகை வாங்குகிறீர்களா? ரசீதை நீங்களே எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். அதில் மூன்று எடைகள் இருக்க வேண்டும். மொத்த எடை, கல் எடை, நிகர எடை. நிகர எடை என்றால் தங்கம் மட்டும் உள்ள எடை.

ஒரு கணக்குப் போடுவோம். ஓர் அட்டிகை மொத்தம் 18 கிராம். அதில் அமெரிக்கன் கல் 2 கிராம். தங்கம் 16 கிராம்தான். தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 கிராமுக்கும் தங்க விலை போட்டால் 20,000 ரூபாய் வீண். அடகுக் கடையிலோ வங்கியிலோ அந்த 2 கிராமைக் கழித்துவிட்டுத்தான் மதிப்புப் போடுவார்கள். நஷ்டம் அன்றைக்குத்தான் தெரியும்.

ஹால்மார்க் முத்திரை இருக்கிறதே என்று கேட்கலாம். அது தங்கத்தின் தரத்தை மட்டும் சொல்கிறது. கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கல் என்ன கல், இயற்கையா, ஆய்வுக்கூடத்தில் வளர்ந்ததா, எத்தனை காரட் என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். கல்லுக்கு 5 காரட் ஒரு கிராம். வைரம் என்று விற்றால் பரிசோதனைச் சான்றிதழும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சம் எதற்கு? கொடுப்பது உங்கள் பணம். ஏமாற்றிவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

சுத்தியலால் அடித்தால் உடையாதது வைரம் என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். வைரத்தில் கீறல் விழாது. ஆனால் ஓங்கி அடித்தால் பிளந்துவிடும்.

துடைப்பதும் வைப்பதும்

“தோட்டில் எண்ணெய் இறங்கிவிட்டது” என்று பெண்கள் சொல்வார்கள். அது சரிதான். தலை எண்ணெய், மஞ்சள், பவுடர் எல்லாம் கல்லுக்குப் பின்னால் போய்ப் படிகின்றன. வைரத்தில் எண்ணெய் எளிதில் ஒட்டும். அதனால் ஒளி மங்குகிறது.

வைரம், மாய்ஸனைட், அமெரிக்கன் கல் மூன்றையும் கழுவலாம். ஆனால் பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்பு அல்லது பூந்திக்கொட்டைச் சாறு கலந்து, கால் மணி நேரம் ஊறவிடுங்கள். குழந்தைகளின் மெல்லிய பல் பிரஷால் பின்பக்கம் தேயுங்கள். குழாயடியில் கழுவாமல் கிண்ணத்தில் கழுவுங்கள். கல் கழன்றாலும் கிண்ணத்தில் கிடக்கும். பற்பசை, சாம்பல், பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம்.

தகடு ஒட்டிய கண்ணாடிக் கல்லில் நீர் படக் கூடாது. நீர் உள்ளே போனால் தகடு கறுத்துவிடும். பிறகு சரி செய்ய முடியாது. ஜெய்ப்பூர் குந்தன் நகையும் அப்படித்தான். கல்லுக்கு அடியில் தகடு, உள்ளே அரக்கு. நீரும் ஆகாது, சூடும் ஆகாது. முதலில் தூசியை ஊதுங்கள். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். அழுத்தித் துடைத்தால் தூசியில் உள்ள மணல் கண்ணாடியைக் கீறும். மணலுக்கு 7, கண்ணாடிக்கு ஐந்தரை.

முலாம் பூசிய நகைக்கு வியர்வையும் சென்ட்டும் எதிரி. சென்ட் பூசி, அது காய்ந்த பிறகு நகையைப் போடுங்கள்.

எல்லா நகையையும் ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். வைரம் மற்றக் கல்லை எல்லாம் கீறிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

மாதம் ஒரு முறை தோட்டைக் காதருகே பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று சத்தம் கேட்டால் கல் ஆடுகிறது. ஆசாரியிடம் கொடுத்து இறுக்கச் சொல்லுங்கள். கொடுக்கும்போதே கல்லை எண்ணி, எடை போட்டு, சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.