நமக்குள் ஒரு நியாண்டர்தால்

கல்வராயன் மலைமேல் இருந்தாலும் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் இருந்தாலும், உங்கள் மரபணுவில் ஏறக்குறைய 1 முதல் 2 சதவீதம் நியாண்டர்தால் மனிதர்கள் தந்தது. ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வேட்டையாடி வாழ்ந்தவர்கள் அவர்கள். ஈராக்கின் ஷானிடார் குகையில் கிடைத்த அவர்களது பற்களின் காரையில், வேகவைத்த தானியத்தின் மாவுச்சத்து ஒட்டியிருந்தது!

சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் அந்த இனம் அற்றுப்போனது. மாறிய தட்பவெப்பம், சிறு கூட்டங்களுக்குள்ளேயே நடந்த இனப்பெருக்கம், நம் முன்னோரின் வருகை எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன.

அற்றுப்போனாலும் நியாண்டர்தால்கள் நம் மரபணுவில் தொடர்கிறார்கள்: கொரோனாவைக் கடுமையாக்கும் ஒரு மரபணுத் தொகுதி அவர்கள்வழி வந்தது என 2020-இல் ஆய்வாளர்கள் ஹியூகோ ஸீபெர்க்கும் ஸ்வாந்தே பாபோவும் கண்டறிந்தனர். ஐரோப்பாவில் சுமார் 16 சதவீதம் பேரிடம் உள்ள அது, தெற்காசியாவில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் இருக்கிறது. பயம் வேண்டாம், வயது, சர்க்கரை நோய் போன்றவையும் சேர்ந்தே நோயின் கடுமையைத் தீர்மானிக்கின்றன.