நட்டுவைத்த தூண்டில்

ஏற்காட்டில் ஏரியைச் சுற்றிச் செல்லும் சாலையை விட்டு விலகி, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களின் நிழலில் இறங்கும் ஒரு காப்பித் தோட்டத்துப் பாதையில், சென்ற மே மாதம் ஒரு காலை நான் நடந்துகொண்டிருந்தபோது, தோட்டத்துக்கு நீர் எடுப்பதற்கென்று வெட்டியிருந்த குட்டையில் காவற்காரர் ஒருவர் இடுப்பளவு ஜலத்தில் நின்று, நீண்ட துரட்டியால் எதையோ கரைக்கு இழுத்துக்கொண்டிருப்பதைக் கண்டு நின்றேன். வெளியே வந்தது புத்தம் புதிய தூண்டிற்கம்பு ஒன்று. அதன் தங்கூசி நரம்பு அல்லித் தண்டுகளில் பல சுற்றுச் சுற்றிச் சிக்கியிருக்க, நரம்பின் மறுகோடியில் மூன்று கிலோவுக்குக் குறையாத கெண்டை ஒன்று வயிறு வெளுத்துச் செத்துக் கிடந்தது.

"முந்தாநேத்து டவுன்ல இருந்து வந்த பிள்ளைங்க, கம்பை மண்ணுல குத்திட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க ஐயா. திரும்பி வந்து பாத்தா கம்பைக் காணோம். கம்பு போச்சேன்னுதான் வருத்தப்பட்டாங்க, மீனைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை கேக்கல" என்றார் அவர்.

அந்தக் கெண்டை இரண்டு இரவுகள் பட்ட அவஸ்தையை எண்ணிப் பார்த்தேன். கையில் கம்பைப் பிடித்திருப்பவன், மிதவை அசைந்த கணத்தில் சுண்டியிழுத்தால் முள் பெரும்பாலும் மீனின் உதட்டில்தான் தைக்கும்; அதை எளிதில் கழற்றவும் செய்யலாம், வேண்டாமென்றால் மீனை உயிரோடு நீரில் விடவும் செய்யலாம். ஆளில்லாத தூண்டிலிலோ, மீன் இரையை நிதானமாக விழுங்கிவிட, முள் செவுள்களையோ தொண்டைக்குக் கீழே குடலையோ பற்றிக்கொள்கிறது. அதன்பின் யார் வந்து எவ்வளவு பக்குவமாக எடுத்தாலும் அந்த மீன் பிழைப்பது அரிது.

மேல்நாட்டார் பெரிதும் போற்றுகிற ஈத்தூண்டில் முறையில் இந்த அபாயத்துக்கு இடமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அதில் புழுவும் மாவுருண்டையும் கிடையாது. இறகையும் ரோமத்தையும் நூலால் முள்ளின்மேல் வரிந்து செய்த பொய்ப் பூச்சியே இரை. ஈயமும் கிடையாது, கனமான நூலே சாட்டையைப்போல் காற்றில் சுழன்று பூச்சியைச் சுமந்துசென்று நீர்மேல் இறக்குகிறது. வலக்கை கம்பை ஆட்ட, இடக்கை நூலை இழுத்தும் நெகிழ்த்தும் பூச்சிக்கு உயிரூட்டுகிறது. பூச்சி பொய்யென்று உணர்ந்த மாத்திரத்தில் மீன் அதைத் துப்பிவிடும் ஆதலால், இக்கலையின் சாரமெல்லாம் கையின் ஜாக்கிரதையில்தான் இருக்கிறது.

இந்தக் கலைக்கும் ஏற்காடு அமைந்துள்ள நம் சேர்வராயன் மலைக்கும் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. இம்மலைக் காடுகளில் விடியற்காலையில் கூவும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகுகளில் மெழுகுத் துளிகளைப்போல் மஞ்சளும் வெண்மையுமான புள்ளிகள் மின்னும். அந்த இறகுகளைப் பொய்ப் பூச்சிகளுக்குக் கண்களாக வைத்துக் கட்டுவதற்கென்றே, தென்னிந்தியக் காடுகளில் இப்பறவையைக் கணக்கின்றி வேட்டையாடி இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் தோலோடு அனுப்பினார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அந்தப் பறவை இன்று காக்கப்படுகிறது. அத்தகைய சம்பந்தம் இருந்தும் இக்கலை இம்மலையில் வேர்கொள்ளவில்லை. அதற்குப் பெயர்போன டிரௌட் மீனுக்கு எப்போதும் குளிர்ந்திருக்கும் நீர் வேண்டும். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் அத்தகைய நீர் இல்லை. அம்மீனைக் கொண்டுவந்து வளர்க்க 1863-இல் டாக்டர் பிரான்சிஸ் டே தொடங்கிய பிரயத்தனம் பலிக்காமற்போய், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சனின் முயற்சியால் அது நிலைபெற்ற இடம் நீலகிரி; இன்றும் அவலாஞ்சியில் அதற்கு ஒரு குஞ்சு பொரிப்பகம் உண்டு.

கையே பிரதானமான ஈத்தூண்டில் முறையிலும், களைத்தவன் ஒருவன் பூச்சியை ஓடும் நீரில் மிதக்கவிட்டபடி கம்பைப் பாறைமேல் சாய்த்துவைத்துவிட்டு உட்காருவது உண்டு. ஓடை நூலை இழுக்க இழுக்கப் பூச்சி தானே உயிர்பெற்றதுபோல் துள்ளும். எங்கிருந்தோ ஒரு மீன் வந்து பற்றும். காலடியில் குவிந்து கிடக்கும் நூல் ராட்டையின் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சிக்கினால் போதும், நூறு கிராம் எடைகூட இல்லாத அந்தக் கம்பு அவன் எழுந்து நிற்பதற்குள் நீரில் போய்விடும். கம்பின் விலை பெரிதுதான். ஆனால் கம்பையும் நூலையும் இழுத்துக்கொண்டு வேர்களுக்கிடையே சிக்கிக்கொள்ளும் அந்த ஜீவனின் கதியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஏற்காட்டுக்கென்று தனியாக ஒரு கவலையும் உண்டு. இங்குள்ள குரங்குகள், விருந்தினர் கையிலிருக்கும் தின்பண்டத்தையே பறித்துச்செல்லப் பழகியவை. மைதா மாவுருண்டை குத்திய முள்ளைக் கரையில் விட்டுச்சென்றால் அவை அதைத் தின்னாமல் இருக்குமா? நாயும் ஆடும் அப்படியே. வாயில் முள் தைத்த பிராணி ஊமையாய் அலைந்து, யார் கைக்கும் அகப்படாமல் மடியும். அறுந்து நீரில் கிடக்கும் நரம்பில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் காலோ சிறகோ மாட்டிக்கொள்கின்றன. முன்னாளில் பட்டும் பருத்தியும் குதிரைமயிரும் தூண்டில் நூலாக இருந்தபோது அவை காலப்போக்கில் மட்கிவிட்டன. நைலான் நரம்பு முற்றும் அழிய 600 ஆண்டுகள்கூட ஆகலாம் என்று கடலாய்வாளர் மதிப்பிடுகின்றனர். சேர்வராயன் மலைச்சரிவில் விழும் நீரில் ஒரு பகுதி, திருமணிமுத்தாறாகவும் சரபங்கா நதியாகவும் சேலத்துச் சமவெளியைக் கடந்து காவிரியில் கலக்கிறது. இங்கே நாம் அறுத்தெறியும் நரம்பு அந்த வழியே போகும். மனிதருக்கும் அபாயம் இல்லாமல் இல்லை: இக்காலத்துக் கரியிழைக் கம்புகள் மின்சாரத்தைக் கடத்துபவை, மின்கம்பி செல்லும் வழியில் அவற்றை நிமிர்த்திச் சாய்த்துவிட்டுப் போவது, பின்னால் வரும் சிறுவனின் உயிருக்கு உலை வைப்பது.

இங்கிலாந்தில், முள்ளை நீரில் இட்டபின் கம்பைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள முடியாத தூரத்துக்கு அகன்றுபோவது சட்டப்படி குற்றம். நம் நாட்டில் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம், வெடியையும் விஷத்தையும் இட்டு மீன் பிடிப்பதைத் தடுத்தது. அதோடு, மண்ணில் ஊன்றியோ வேறு வகையில் அசையாமல் நிறுத்தியோ மீன் பிடிக்கும் சாதனங்களைத் தனியொரு வகையாகப் பிரித்து, அவற்றைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையும் அரசுக்கு அளித்தது. அச்சட்டத்தை எழுதியவர்கள் கட்டுவலையையும் கூண்டையும் மனத்தில் கொண்டிருக்கலாம். ஆனால், மண்ணில் குத்திவிட்டு டீக்கடைக்குப் போனவனின் கம்பை அந்தச் சொற்களுக்குப் புறம்பானதென்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. தூண்டுதல் என்ற வினையிலிருந்து பிறந்தது தூண்டில் என்னும் சொல். தூண்டுகிறவன் அகன்றுவிட்டால் மிஞ்சுவது பொறி. அரசு இதை வெளிப்படையான விதியாக்கி, ஏரிக்கரைகளில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

காவற்காரர் அந்தக் கெண்டையை மரத்தடியில் புதைத்தார். நரம்பை அல்லியிலிருந்து அங்குலம் அங்குலமாகப் பிரித்தெடுக்க எங்கள் இருவருக்கும் ஒரு மணி நேரம் ஆயிற்று.

வரும் கோடைவிழாவுக்கு ஏற்காடு செல்லும் அன்பர்கள் தூண்டிலும் எடுத்துச்செல்வதாயின், ஒன்றைச் செய்ய வேண்டுகிறேன். ஐந்து நிமிஷம் எழுந்துபோவதானாலும் நூலை முழுதும் சுற்றி நீரைவிட்டு எடுத்து, இரையைக் களைந்து, முள்ளைக் கம்பின் அடியிலுள்ள சிறு வளையத்தில் மாட்டி, கம்பைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.