ஓயாது பேசும் கருவிக்கு ஒரு காவல்

"படுக்கையருகே உள்ள கண்காணிப்புக் கருவிக்கும் செவிலியர் மேசைக்கும் இடையிலான இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்?" தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே காத்திருக்கும் உறவினர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது. கருவி தன் இடத்திலிருந்தே ஒலியெழுப்பும். மேசைத் திரையும் இணைப்பு அற்றதை அறிவிக்கும். மௌனத்தைக் கண்டறிதல் எளிது.

பொறியாளர்கள் அதனினும் அஞ்சுவது, பழுதுற்று ஓயாது பேசும் கருவியை. பல கருவிகள் ஒரே கம்பியைப் பகிருமிடத்தில் ஒன்று இடைவிடாது செய்தி அனுப்பினால், உண்மையான அபாயக் குரல் சென்று சேராது. அத்தகைய கருவிக்கு அவர்கள் இட்ட பெயர் 'உளறும் மூடன்'. மரியாதையற்ற பெயர்தான்; ஆயினும் பொருத்தமானது.

வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் கோபெட்ஸ் குழுவினர் வகுத்த முறையில், ஒவ்வொரு கருவிக்கும் பேசும் நேரம் முன்னரே குறிக்கப்படுகிறது. கருவிக்கும் கம்பிக்கும் நடுவே காவல் சில்லு ஒன்று நின்று, அந்த நேரத்தில் மட்டுமே வாயிலைத் திறக்கிறது. கம்பியும் இரண்டு, ஒன்று அறுந்தாலும் செய்தி மற்றொன்றில் சென்று சேரும். ஏர்பஸ் ஏ380 விமானத்தில் பயணிகள் அறையின் காற்றழுத்தக் கட்டுப்பாடு இம்முறையை நம்பியே இயங்குகிறது.

எங்கள் பிரிவில் ஒவ்வொரு படுக்கைக்கும் தனிக் கம்பி உண்டு. ஆயினும் தலைமாட்டுச் செருகியைக் கழற்றிவிட்டு அலைபேசிக்கு மின்னேற்றுவோரைத் தடுக்க எந்தச் சில்லும் இல்லை. அன்புகூர்ந்து அதனைத் தவிர்க்க வேண்டுகிறோம்.